மூளை ஸ்கேனில் 'எரிவது' என்ன? ரத்த ஆக்சிஜனும் எம்ஆர்ஐ சிக்னலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஆர்ஐ அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெஷினை ஓட்டுகிற வேலை எனக்கு. மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று பார்க்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்களும் அதில் உண்டு. படுக்கப் போகிறவர், துணைக்கு வந்தவர், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து இருபது கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

"ரத்தத்துல இரும்பு இருக்குன்னு சொல்றாங்களே, அவ்வளவு பெரிய காந்தம் அதை இழுத்துடாதா?"

இழுக்காது. உடம்பில் உள்ள மொத்த இரும்பையும் திரட்டினால் 4 கிராம் தேறினால் அதிகம். அதில் பெரும்பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஆனால் ஆணி, குண்டூசி மாதிரி உலோக இரும்பாக இல்லை. ஆணியில் கோடானுகோடி இரும்பணுக்கள் கைகோத்து ஒரே பக்கம் திரும்பும், அதனால்தான் காந்தம் அதைப் பறித்துக்கொள்கிறது. ஹீமோகுளோபினில் ஒரு மூலக்கூறுக்கு நாலே நாலு இரும்பணுக்கள். அவையும் ஆளுக்கொரு வளையத்துக்குள் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கின்றன.

3 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு) மெஷினின் புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல 50,000 மடங்குக்கும் மேல். மறந்துபோய் தலையில் வைத்திருக்கும் ஹேர்பின்னை அது இழுக்கும், ரத்தத்தை ஒன்றும் செய்யாது. நீங்கள் பயப்பட வேண்டியது பின்னுக்குத்தான்.

"சரி, இழுக்காது. அப்புறம் எப்படி ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கா இல்லையான்னு காந்தத்துக்குத் தெரியுது?"

இந்த விஷயம் மொத்தமும் உட்கார்ந்திருப்பது இங்கேதான். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் ஒவ்வொரு இரும்பணுவிலும் இணை சேராத எலெக்ட்ரான்கள் 4 இருக்கின்றன. இணை சேராத எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஆகவே அந்த ஹீமோகுளோபின், பள்ளிப் பாடத்தில் படித்தோமே, பாரா காந்தப் பொருள்; காந்தம் அதை லேசாகத் தன் பக்கம் இழுக்கும். ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டதும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடுகின்றன, காந்தத் தன்மை அடங்கிவிடுகிறது. இப்போது அது டயா காந்தப் பொருள், அதாவது காந்தம் மிக லேசாக விலக்கும் பொருள், சுற்றியுள்ள தண்ணீரையும் திசுவையும்போல.

இதில் ஒரு வேடிக்கை. ஆக்சிஜன் வாயுவும் தனியாக இருக்கும்போது பாரா காந்தம்தான். அதன் மூலக்கூறில் இணை சேராத எலெக்ட்ரான்கள் 2. ஆக, காந்தத் தன்மை உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் காந்தத் தன்மையே இல்லாத ஒருவர் கிடைக்கிறார். கடைசிக் கேள்வியில் இது மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை 1936-இல் அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்த லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும். அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பே, 1845-இல், மைக்கேல் ஃபாரடே காய்ந்த ரத்தத்தைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதில் இரும்பு இருந்தும் காந்தத் தன்மை இல்லையே என்று வியந்திருக்கிறார். புது ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தமனி ரத்தத்தையும் சிரை ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஆட்டம் முடிந்திருக்கும்.

"எம்ஆர்ஐ படம் எடுக்கிறது தண்ணியைத்தானே? ஹீமோகுளோபின் அதுக்குள்ள எப்படி நுழையுது?"

சரியான கேள்வி. மெஷின் கேட்பது தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின், அதாவது புரோட்டான்களின், குரலைத்தான். காந்தப்புலத்தில் வைத்தால் அவை பம்பரம்போல் தலையாட்டிச் சுழலும்; 1 டெஸ்லாவுக்கு நொடிக்குச் சுமார் 4.26 கோடித் தடவை, 3 டெஸ்லாவில் சுமார் 12.8 கோடி. ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்ற ஆரம்பித்து, நாம் பிடிக்கக்கூடிய சிக்னலைத் தருகின்றன.

கும்மியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கைதட்டினால் தெரு முனை வரை கேட்கும். பாதிப் பேர் கொஞ்சம் முந்தி, மீதிப் பேர் கொஞ்சம் பிந்தித் தட்டினால் ஆள் குறையாமலே சத்தம் கலைந்து அமுங்கிவிடும். புரோட்டானின் வேகம் அது நிற்கும் இடத்தின் காந்தப்புலத்தைப் பொறுத்தது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின், தான் ஓடும் நாளத்தைச் சுற்றி அந்தப் புலத்தைத் துளி கோணலாக்குகிறது. நாளத்துக்கு வெளியே, திசுவில் உள்ள தண்ணீர்கூட அதனால் தாளம் தப்புகிறது. சிக்னல் இப்படித் தேய எடுக்கும் நேரத்தைத்தான் டி2 ஸ்டார் என்கிறோம். 3 டெஸ்லாவில், தட்டியதிலிருந்து சுமார் 30 மில்லி நொடி பொறுத்து சிக்னலைப் பிடிப்பது வழக்கம். உடனே பிடித்தால் யாரும் தாளம் தப்பியிருக்க மாட்டார்கள், ரொம்பத் தாமதித்தால் கேட்க ஒன்றுமே மிஞ்சாது.

ஆக, கணக்கு எளிது: ஆக்சிஜன் இழந்த ரத்தம் அதிகம் என்றால் படம் கருக்கும், குறைவு என்றால் வெளுக்கும்.

"'போல்ட்'னு அடிக்கடி சொல்றீங்களே, அது யார் வச்ச பேரு?"

'ரத்த ஆக்சிஜன் அளவைச் சார்ந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் போல்ட். ஜப்பானில் பிறந்த செய்ஜி ஒகாவா, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் (ஆமாம், டெலிபோன் கம்பெனியின் ஆய்வகம்தான்) வேலை செய்தபோது வைத்த பெயர்.

1990-இல் அவர் வெளியிட்ட சோதனை அழகானது. 7 டெஸ்லா, அதற்கும் மேல் வலுவுள்ள காந்தங்களில் எலிகளின் மூளையைப் படம் எடுத்தார். சாதாரணக் காற்றைச் சுவாசித்த எலியின் மூளையில் மெல்லிய கரிய கோடுகள் நிறையத் தெரிந்தன. சுத்த ஆக்சிஜன் கொடுத்ததும் கோடுகள் மறைந்துபோயின. கோடுகள் எல்லாம் சிரைகள். ரத்தம் அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஆக்சிஜன்தான் மாறியது. உறுதி செய்துகொள்ள ரத்தத்தைச் சோதனைக் குழாய்களில் நிரப்பியும் படம் எடுத்தார். ஆக்சிஜன் இழந்த ரத்தம் இருந்த குழாயின் கருநிழல் குழாயைத் தாண்டி வெளியேயும் பரவியது.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எம்ஆர் சிக்னலை மாற்றும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் கீத் துல்பார்னும் கூட்டாளிகளும் 1982-இலேயே காட்டியிருந்தார்கள். அதை வைத்து மூளையின் வேலையையே பார்க்கலாம் என்று கண்டவர் ஒகாவா. மனிதர்களில் 1992-இல் பாஸ்டன், மினசோட்டா, விஸ்கான்சின் என்று மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் சில மாத இடைவெளிக்குள் செய்து காட்டின. மருந்து ஊசி எதுவும் இல்லாமல், உடம்பில் ஏற்கெனவே ஓடும் ரத்தத்தையே மையாக வைத்து எடுத்த படங்கள்.

"மூளை வேலை செஞ்சா ஆக்சிஜன் செலவாகும். அப்போ அந்த இடம் கருக்கத்தானே வேணும்? ஏன் வெளுக்குது?"

இந்தச் சந்தேகம் வராதவர்கள் முந்தைய பதில்களைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்காரர் "சாம்பார்!" என்று குரல் கொடுக்கிறார். அவருக்கு வேண்டியது ஒரு கரண்டி. பரிமாறுகிறவர் ஒரு கரண்டியை மட்டும் ஏந்திக்கொண்டா வருவார்? வாளியோடு வருவார். ஒரு கரண்டி ஊற்றிவிட்டு மீதியைத் திருப்பி எடுத்துப் போவார். மூளையும் அப்படித்தான். ஒரு பகுதி வேலையைத் தொடங்கியதும் அங்கே பாயும் ரத்தம், தேவைக்கு மிஞ்சி ஏறிவிடுகிறது. எம்ஆர்ஐ பார்ப்பது இலையை இல்லை, சமையல்கட்டுக்குத் திரும்பும் வாளியை. அதாவது சிரை ரத்தத்தை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1986-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பீட்டர் ஃபாக்ஸும் மார்க்கஸ் ரெய்ச்சிலும் விரல்களுக்கு அதிர்வு கொடுத்து, பெட் ஸ்கேனில் (உடம்புக்குள் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) அளந்தார்கள். அதற்குரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான். சும்மா இருக்கும்போது மூளை, வந்த ஆக்சிஜனில் 40 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது செலவு 1.05 மடங்கு, வரத்து 1.29 மடங்கு. 40-ஐ 1.05-ஆல் பெருக்கி 1.29-ஆல் வகுத்தால் சுமார் 33. சிரைக்குள் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த பங்கு 40-லிருந்து 33-ஆகக் குறைந்துவிட்டது. கருக்கும் பொருள் குறைந்தால் படம் வெளுக்கத்தானே செய்யும்?

மூளை ஏன் இவ்வளவு தாராளமாக அனுப்புகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நுண்குழாயிலிருந்து தூரத்தில் உள்ள செல்வரை ஆக்சிஜன் ஊடுருவ வேண்டுமானால் நாளத்தில் தாராளமாக இருந்தாக வேண்டும் என்பது ஒரு வாதம்.

"டிவில காட்டும்போது மூளை சிவப்பும் மஞ்சளுமா எரியுதே, அப்படித்தான் உங்க ஸ்க்ரீன்லயும் தெரியுமா?"

தெரியாது. என் திரையில் தெரிவது சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு மூளை, இரண்டு நொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது. முதல் படத்துக்கும் நூறாவது படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் என்னாலும் முடியாது. 3 டெஸ்லாவில் போல்ட் மாற்றம் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறோம். அரை நிமிடம் விரலைத் தட்டுங்கள், அரை நிமிடம் சும்மா இருங்கள், மறுபடி தட்டுங்கள். மூளையை 3 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தின் சிக்னல் இந்தத் தாளத்தோடு ஏறி இறங்கியது என்று கம்ப்யூட்டர் தேடும். தேறிய கட்டங்களுக்குச் சாயம் பூசுவார்கள். அந்த மஞ்சள் நிறத்துக்கு 'இங்கே வேலை அதிகம்' என்பதைவிட 'இது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு' என்பதே நெருக்கமான அர்த்தம். சாயம் இல்லாத இடமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறது.

"நான் ஒண்ணு நினைச்ச அந்த நொடியே தெரிஞ்சிடுமா?"

வாளி வந்து சேர நேரம் ஆகும். நரம்பு செல்களின் வேலை மில்லி நொடிகளில் முடிந்துவிடும்; சிக்னல் ஏறத் தொடங்கவே ஒன்றிரண்டு நொடி, உச்சியைத் தொட 5 அல்லது 6 நொடி. அப்புறம் இறங்கி, பழைய மட்டத்துக்கும் கீழே கொஞ்சம் தாழ்ந்து, நிலைக்கு வர 20 நொடிக்கு மேல்.

முதல் முறை இந்த வரைகோட்டை நேரில் பார்க்கும் மாணவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். கண்ணாடி வழியாக உள்ளே விரல்கள் ஆடுவது தெரியும், திரையில் கோடு அசையாது. "சார், வேலை செய்யல" என்பார்கள். பேசாமல் இருங்கள் என்று கை காட்டுவேன். உள்ளே விரல்கள் நின்ற பிறகும் இங்கே கோடு மேலேயே நின்றுகொண்டிருக்கும், அப்போதுதான் சிரிப்பார்கள்.

"விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் எனக்கு 98 காட்டுது. மூளையிலயும் 98தானே?"

மூளைக்குள் நுழையும் ரத்தத்தில் ஆமாம், வெளியேறும் ரத்தத்தில் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த அந்தக் கருவி தமனி ரத்தத்தை மட்டும் கணக்கில் எடுக்கும். துடிக்கும் ரத்தம் எதுவோ அதையே பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். போல்ட் சிக்னலோ பெரும்பாலும் சிரைப் பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே ஆக்சிஜன் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

இரண்டு கருவிகளும் பார்ப்பது ஒரே ஹீமோகுளோபினின் ஒரே மாற்றத்தைத்தான். ஆக்சிஜன் இருந்தால் பளிச்சென்ற சிவப்பு, இறங்கினால் கருஞ்சிவப்பு. ஆக்சிமீட்டர் இந்த நிற வித்தியாசத்தைச் சிவப்பு ஒளியாலும் அகச்சிவப்பு ஒளியாலும் பிடிக்கிறது, எம்ஆர்ஐ காந்த வித்தியாசத்தால் பிடிக்கிறது. ஆனால் போல்ட் உங்களுக்கு '98' மாதிரி ஓர் எண்ணைத் தராது. முன்பு இருந்ததைவிடக் கூடியதா, குறைந்ததா என்பதை மட்டும் சொல்லும். ரத்த ஓட்டம், ரத்தத்தின் கொள்ளளவு, ஆக்சிஜன் செலவு மூன்றும் கலந்த கஷாயம் அது.

"காலைல காபி குடிச்சிட்டுதான் வந்தேன். பரவாயில்லையா?"

ரிப்போர்ட்டுக்காக எடுக்கும் சாதாரண ஸ்கேனுக்குப் பரவாயில்லை. எஃப்எம்ஆர்ஐ ஆய்வுக்கு வந்தவர் என்றால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காஃபீன், அடினோசின் என்ற பொருளின் வேலையைத் தடுத்து மூளை நாளங்களைச் சுருக்குகிறது; ரத்த ஓட்டம் 20, 30 சதவீதம்கூடக் குறையலாம். நரம்பு செல்கள் வழக்கம்போல வேலை செய்தாலும் ஓட்டத்தின் அடிமட்டம் மாறிவிட்டதால் போல்ட் சிக்னலும் மாறிவிடும்.

தினமும் மூன்று டம்ளர் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொன்னாலும் சிக்கல்தான், நாளங்கள் எதிர்ப்பக்கம் விரியும், தலைவலி வேறு. என் அபிப்பிராயம்: ஆய்வில் எல்லாரும் அவரவர் வழக்கப்படி இருக்கட்டும், எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்தால் போதும். இதை எழுதி வைக்காத ஆய்வுகள் ஏராளம்.

"உள்ள பயத்துல மூச்சை அடக்கிட்டேன். தப்பா?"

படம் கெட்டுப்போகாது, சிக்னல் ஏறும். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அது மூளை நாளங்களை விரிக்கும், ரத்த ஓட்டம் தலை முழுக்கக் கூடும். எந்த வேலையும் செய்யாமலே எல்லா இலைக்கும் வாளி போய்விடும். பத்து இருபது நொடி அடக்கினாலே விரல் தட்டுவதால் வரும் மாற்றத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ ஏறும். அதனால்தான் மார்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி மூச்சைப் பதிவு செய்கிறோம், பிறகு அதன் பாதிப்பைக் கழிக்கிறோம்.

இதையே வேண்டுமென்றும் செய்வதுண்டு. கழுத்துத் தமனி அடைப்பு, மோயமோயா நோய் (மூளைக்குப் போகும் தமனிகள் மெல்ல மெல்லச் சுருங்கும் நோய்) உள்ளவர்களை மூச்சடக்கச் சொல்லியோ, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைக் கொடுத்தோ பார்ப்பார்கள். தலை முழுக்கச் சிக்னல் ஏற, ஒரு பகுதி மட்டும் ஏறாமல் நின்றால், அந்தப் பகுதியின் நாளங்கள் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்துவிட்டன, கையிருப்பு இல்லை என்று அர்த்தம்.

"எனக்கு ரத்தசோகை இருக்கு. சிக்னல் வருமா?"

வரும், ஆனால் அளவு மாறலாம். கருக்கும் பொருளே ஹீமோகுளோபின்தான்; அதுவே குறைவாக இருந்தால் ஏறி இறங்கும் வீச்சும் குறையும். நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களையும் பெண்களையும் எஃப்எம்ஆர்ஐயில் ஒப்பிட்டுவிட்டு 'பெண்களின் மூளை இப்படி' என்று எழுதுகிறவர், முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

"அப்பாவோட ரிப்போர்ட்ல ரத்தக்கசிவு 'கருப்பா' இருக்குன்னு போட்டிருக்கு. இதுவும் அதே கதைதானா?"

அதேதான். கசிந்த ரத்தம் முதல் சில மணி நேரம் ஆக்சிஜனோடு இருக்கும். பிறகு ஆக்சிஜனை இழந்து, மேலே சொன்னபடி கருக்கும். சில நாளில் மெத்ஹீமோகுளோபினாக மாறும், அப்போது டி1 என்ற வேறொரு வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று வெளுக்கும். மாதங்கள் கழித்து ஹீமோசிடரின் என்ற இரும்புக் கறை மிஞ்சும், அது வருடக்கணக்காகக் கருப்பாகவே தெரியும். கசிவுக்கு எத்தனை நாள் வயது என்று டாக்டர்கள் மதிப்பிடுவது இந்த நிறமாற்றத்தை வைத்துத்தான்.

எஸ்டபிள்யூஐ என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தால், அது இந்தக் காந்தக் கோணலையே பெரிதாக்கிக் காட்டும் படம். பக்கவாதத்தில் ரத்தம் சரியாகப் போகாத பகுதி, வரும் கொஞ்சத்திலேயே ஆக்சிஜனை வழித்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துச் சிரைகள் மறுபக்கத்தைவிடக் கருத்துத் தடித்துத் தெரியும். பந்தியில் வாளி காலியாகத் திரும்புகிற நிலைமை. உங்கள் அப்பாவின் படத்துக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

"கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எஃப்எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாங்க. கலர் வராத இடத்தை எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதா?"

அப்படி முடிவு செய்யக்கூடாது, எந்த நரம்பியல் அறுவை நிபுணரும் அப்படிச் செய்வதும் இல்லை. கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் முளைக்கும் நாளங்கள் ஒழுங்கானவை இல்லை. நரம்பு செல் குரல் கொடுத்தாலும் அவை விரியாமல் இருந்துவிடலாம். இலைக்காரர் கத்துகிறார், பரிமாறுகிறவருக்குக் காது கேட்கவில்லை. அந்த இடம் உயிரோடு இருக்கும், பேச்சுக்கோ கை அசைவுக்கோ தேவையாகவும் இருக்கும், படத்தில் மட்டும் சாயம் இருக்காது.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்கவும் முன்பு ஒரு பதிலில் சொன்ன மூச்சடக்கும் சோதனை உதவும்: மூச்சை அடக்கியும் ஏறாத இடத்தில் 'சாயம் இல்லை' என்ற சாட்சிக்கு மதிப்பில்லை. பேச்சு இடப்பக்கமா வலப்பக்கமா, கை அசைவுக்குரிய மடிப்பு கட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்று திட்டமிட எஃப்எம்ஆர்ஐ நன்றாக உதவுகிறது. கடைசி வார்த்தை, நோயாளியை விழித்திருக்க வைத்து அறுவை மேசையிலேயே மின்முனையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு.

"செத்த மீனோட மூளைகூட வேலை செய்யறதா காட்டிச்சாமே, நெஜமா?"

நிஜம். 2009-இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும், கடையில் வாங்கிய ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் 'கேட்டார்கள்'. திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் சில கட்டங்கள் எரிந்தன. 2012-இல் இக் நோபல் பரிசும் (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) கிடைத்தது.

மீன் யோசிக்கவில்லை, மெஷினும் பழுதில்லை. சாயம் என்பது தற்செயல் வாய்ப்பைப் பற்றியது என்றேன் அல்லவா? ஒரு லட்சம் கட்டங்களைச் சோதித்து, ஆயிரத்தில் ஒன்று தப்பினால் பரவாயில்லை என்று விட்டால், ஒன்றுமே நடக்காதபோதும் நூறு கட்டங்களுக்குச் சாயம் ஏறும். அத்தனை கட்டங்களுக்கும் சேர்த்து வரம்பை இறுக்கினால் மீன் அமைதியாகிவிடும்; அவர்களும் அதைத்தான் காட்டினார்கள்.

"பொய் சொன்னா இதுல மாட்டிக்குவாங்களா?"

பயந்தால் மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியில் சிக்னல் ஏறும். அதற்காக அமிக்டலா ஏறியதெல்லாம் பயம் என்று சொல்ல முடியுமா? ஆவல், ஆச்சரியம், பிடித்த முகம், எதற்கும் ஏறும். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருந்தால் மழையாகவும் இருக்கலாம், தண்ணீர் லாரியாகவும் இருக்கலாம். பொய் கண்டுபிடிக்கும் முயற்சிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. யாருக்கும் தெரியாமல் விரலை லேசாக அசைத்தாலே கணிப்பு குலைந்துவிடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரில் 'மூளை வரைபடச் சோதனை' என்று செய்திகளில் வந்தது மின் அலைகளை வைத்து எடுப்பது, ரத்த ஆக்சிஜனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அப்போ இது நரம்பு வேலை செய்யறதைக் காட்டுதா, இல்ல ரத்தத்தை மட்டும்தானா?"

ரத்தத்தைத்தான் காட்டுகிறது. நரம்பை அதிலிருந்து ஊகிக்கிறோம். ஊகம் எவ்வளவு நம்பத்தக்கது என்று 2001-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் நிகோஸ் லோகோதெட்டிஸின் குழு சோதித்தது. குரங்கின் மூளையில் மின்முனையைச் செருகி, அதே நேரத்தில் எஃப்எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். செருகிய மின்முனையோடு ஸ்கேன் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

போல்ட் சிக்னல், செல்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளைவிட, ஒரு பகுதிக்குள் வந்து சேரும் செய்திகளோடும் உள்ளே நடக்கும் கலந்தாய்வோடும் சற்றுக் கூடுதலாக ஒத்துப்போனது. ஆக, ஓர் இடம் வெளுத்திருந்தால் அது உத்தரவு போட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே மும்முரமாகப் பேச்சு நடந்தது என்று சொல்லலாம். அந்தப் பேச்சு அடக்குகிற வகையா, தூண்டுகிற வகையா என்பதையும் வாளி சொல்லாது.

"பெரிய காந்தம் வச்சா இன்னும் தெளிவாத் தெரியுமே, எல்லாரும் 7 டெஸ்லா வாங்க வேண்டியதுதானே?"

புலம் கூடினால் ஆக்சிஜன் இழந்த ரத்தத்தின் கோணலும் கூடும், பெரிய சிரைகளைவிட நுண்குழாய்ப் பக்கத்துச் சிக்னலின் பங்கும் உயரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கட்டங்களில் பார்க்கலாம். ஆனால் காந்தத்தைக் கோணலாக்குவது ரத்தம் மட்டும் இல்லை. மூக்குக்குப் பின்னால் உள்ள காற்றறைகளும் காதுத் துளையும் அதைவிட மோசமாகக் கோணலாக்கும், அதுவும் புலத்தோடு சேர்ந்தே கூடும். கண்ணுக்கு மேலே உள்ள முன்மூளையின் அடிப்பகுதி பல படங்களில் கரும்பள்ளமாகக் கிடக்கும். அந்தப் பகுதியைப் பற்றிய ஆய்வு என்றால் முதலில் அங்கே சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம்தான் மற்றது.

"சுத்த ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிவிட்டா மூளை முழுக்க வெளுத்துடுமா?"

ஒகாவாவின் எலிகளுக்கு நடந்த மாதிரி, சிரைகள் வெளுக்கும். ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்குக் கணக்கு நேராக இருக்காது. தமனி ரத்தம் ஏற்கெனவே 98 சதவீதத்தில் நிற்கிறது, ஹீமோகுளோபினில் ஏற்ற இன்னும் இரண்டு சதவீத இடம்தான் பாக்கி. மிச்ச ஆக்சிஜன் ரத்த நீரில் கரைந்து போகிறது. திசு அதை முதலில் எடுத்துக்கொள்வதால் ஹீமோகுளோபின் தன் சுமையை அவ்வளவாக இறக்குவதில்லை. இன்னொரு பக்கம், ஆக்சிஜன் கூடினால் மூளை நாளங்கள் சற்றுச் சுருங்கி ஓட்டத்தைக் குறைக்கும், அது எதிர்த்திசையில் இழுக்கும்.

இங்கேதான் இரண்டாவது பதிலில் சொன்ன வேடிக்கை திரும்ப வருகிறது. கரைந்த ஆக்சிஜன் யாரோடும் சேராத ஆக்சிஜன், அதனால் அது பாரா காந்தம். திசு நீரின் டி1 நேரத்தை, அதாவது தட்டு வாங்கிய புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, அது குறைக்கிறது. அது மட்டுமா? மாஸ்க்கிலும் மூக்குக் காற்றறைகளிலும் நிரம்பிய வாயுவே காந்தம் ஆகிவிடுவதால், பக்கத்து முன்மூளையின் புலம் மூச்சுக்கு மூச்சு அசையும். மாஸ்க் மாட்டி எடுக்கும்போது அந்த ஓரத்தில் சிக்னல் மாறினால், காரணம் மூளைக்குள் இருக்கிறதா மூக்குக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.